கொள்ளு

மதகை இடித்துவிட்டுப் போனார்கள் மைசூர்ச் சேனைக்காரர்கள்.
ஆடி பிறந்தும் வயல் வெடித்துக் கிடந்தது.
கொள்ளிடம் மட்டும் இரு கரை முட்ட.

நடுத்திட்டுக் கோரைக்குள்
நானும் தம்பி கொளஞ்சியும். எட்டு நாள்.
இருமல் வந்தால் என் முழங்கையைக் கடிக்கச் சொல்லியிருந்தேன்.
இப்போது அங்கே அவன் பல்வரிசை,
முன்பல் ஒன்று குறைவாக.

நண்டு தீர்ந்தது. அல்லிக்கிழங்கும்.
நெருப்பு மூட்டினால் புகை காட்டிக்கொடுக்கும்,
பச்சையாகத் தின்று வயிறு பிடுங்கியது.
ராத்திரி வடகரையில் அவர்கள் அடுப்பு எரியும்.
எண்ணுவேன்.
நூறுக்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாது.

ஒன்பதாம் நாள் விடியலில்
கோரைக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.
அரிவாளை எடுத்தேன்.

குதிரை.
சேணம் சரிந்து, விலாவில் ஈட்டி கிழித்த காயம்.
நீந்தி வந்த அலுப்பில் சேற்றிலேயே படுத்திருந்தது.
கழுத்தில் பை. பைக்குள் கொள்ளு,
ஆற்றுத் தண்ணீரில் ஊறிப் பருத்து.

"அவங்களோடதாச்சே, தின்னலாமா?"
"நம்ம பத்தாயத்தைக் கொள்ளையடிச்சப்ப
அவங்க யாரைக் கேட்டாங்க?"
அவனுக்கு ஒரு பிடி. எனக்கு ஒரு பிடி.
மூன்றாம் பிடியைக் கொளஞ்சி
என்னைக் கேட்காமல் அதன் வாயருகே நீட்டினான்.
உதட்டால் விரல் விரலாகத் தடவி எடுத்தது.
கூச்சத்தில் சிரித்துவிட்டான், சத்தமாக.
அவன் வாயைப் பொத்தக் கை தூக்கினேன்.
பொத்தவில்லை.

அன்றிரவும் அடுப்புகளை எண்ணினேன்.
எழுபத்திரண்டு.
நம்பாமல் கொளஞ்சியை எழுப்பி
இன்னொரு தரம் எண்ணினேன்.