யவனன் கோட்டைக்கு இரவுக் காவல்

சால்மியாத் துறையிலிருந்து ஃபைலக்கா
ஒன்றரை மணி நேரம்.
அபூ மிஷால் எஞ்சினைத் திட்டிக்கொண்டே ஓட்டினால்
இரண்டு.
மாலை ஆறு முதல் காலை ஆறு வரை
ஒரு கோட்டையைப் பார்த்துக்கொள்வது
என் வேலை.

போனில் கோட்டை என்றதும்
வீட்டில் செஞ்சியை நினைத்துக்கொண்டார்கள்.
இது என் முழங்கால் உயரம்.
நாலு மூலை, தூர்ந்த கிணறு,
சுற்றிக் கம்பிவேலி.
எனக்கு ஒரு டார்ச், ஒரு விசில்.
ஆடு உள்ளே போகக் கூடாது.
அவ்வளவுதான் உத்தரவு.

பகலில் தோண்டுகிறவர்களில்
டென்மார்க்கிலிருந்து வந்த கிர்ஸ்டன்
ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள்:
பாதி உலகத்தைப் பிடித்தவன் அவன்.
பாபிலோனில் உட்கார்ந்துகொண்டு
முப்பது துடுப்புக் கப்பலை அனுப்பி வேவு பார்த்தான்.
தன் பக்கத்துக் கடலில் இருக்கும் ஒரு தீவின் பெயரை
இதற்கும் வைக்கச் சொன்னானாம்.
அவன் வரவேயில்லை.
காய்ச்சலில் போய்விட்டான்.
கோட்டை அதற்கும் பிறகு வந்தவர்கள் கட்டியது.

பெயர் வைத்தது எனக்குப் புரிந்தது.
எங்கள் கேம்ப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு வைகை என்று பெயர்.
வைத்தவன் உசிலம்பட்டிக் காசிமாயன்.
எந்நேரமும் காய்ந்து கிடப்பதால்.

அவ்வளவு பெரிய ராஜ்யத்தில்
இத்துனூண்டு மணலுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.
தண்ணீர், என்றாள்.
வருகிற கப்பல் நின்று நிரப்பிக்கொள்ள.
அப்புறம் கண்.
யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று
ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க.

அதாவது செக்யூரிட்டி, என்றேன்.
அவள் சிரித்ததில்
ரொட்டித்தூள் வரைபடத்தில் விழுந்தது.

எட்டாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது:
பாண்டியன் கோட்டை வாசலில்
யவனர் காவல் நின்றார்கள்.
வாட்டசாட்டமான ஆட்கள், புரியாத பாஷை,
கையில் வாள்.
அவர்களுக்கு யார் விசா எடுத்துக் கொடுத்தார்களோ,
எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை லீவோ.
இப்போது கணக்கு நேர்.
யவனன் கோட்டைக்குத் தமிழன் காவல்.
சம்பளம்தான்
இரண்டு மாசமாய் நிற்கிறது.
எங்கள் கஃபீலும்
இந்தத் தீவை மிதித்ததில்லை.

கிழக்கே காலி வீடுகள்.
தொண்ணூறில் வந்த படைக்கும் இந்தத் தீவு வேண்டியிருந்தது.
ஊரையே படகேற்றி அனுப்பினார்கள்.
பள்ளிக்கூடச் சுவரின் குண்டுத் துளைகளில்
இப்போது சிட்டுக்குருவி குடும்பம் நடத்துகிறது.
யாரிடமும் கேட்காமல்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
பனி இறங்கிக் கடல் காணாமல் போனது.
தூரத்தில் டேங்கர் கப்பல்கள்
ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.
வடகிழக்கு மூலைக் கோபுரத்தின் அடிக்கல்லில் ஏறி நின்றேன்.
காற்று முதுகில் படாத ஒரே இடம் அதுதான்.
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
செத்துப்போன ராஜாவுக்காக
இங்கே கால் மாற்றி மாற்றி நின்றவனுக்கு.

அப்போது உள்ளே ஏதோ அசைந்தது.
டார்ச் அடித்தால்
இரண்டு பச்சைக் கண்கள்.
கருப்பு வெள்ளாடு, சினை.
கிணற்று விளிம்பில் தேங்கிய
நேற்றைய மழையை நக்கிக்கொண்டிருந்தது.

விசிலை வாய்வரை கொண்டுபோனேன்.
இந்தத் தீவின் ஆடெல்லாம்
ஒரு பெண் தெய்வத்துக்குச் சொந்தம்,
வேட்டையாட யாருக்கும் உரிமையில்லை,
பலிக்கு மட்டும் பிடிக்கலாம் என்று
அந்தக் காலத்தில் சட்டம் இருந்ததாம்.
அதையும் கிர்ஸ்டன்தான் சொன்னாள்.

டார்ச்சை அணைத்தேன்.
நக்கும் சத்தம்
ரொம்ப நேரம் கேட்டது.

மணிக்கொருதரம் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.
முன்னால் நின்றவன்
எதில் எழுதினானோ,
யார் படித்தார்களோ.
நான் எழுதினேன்:
மணி மூன்று.
பனி.
ஒருவரும் வரவில்லை.