நூற்று நாற்பத்து நான்கு முனை

ஒரு காலருக்கு இரண்டு முனை.
எழுபத்திரண்டு சட்டை.
பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் ஒன்பது நாள்.

மாங்குளம் சந்தியில்
உரக்கடைக்கு மேலே எங்கள் தையல் அறை.
யூரியா மணக்கும்.
மார்கழி மழைக்கு அது படியேறி வந்து
வெள்ளைத் துணியிலும் குந்திக்கொள்ளும்.

தைத்த காலரின் மூலையைக் கத்தரித்து
உள்ளதை வெளியே புரட்டி
எதையாவது விட்டு முனையைத் தள்ளவேண்டும்.
எதை விடுவது என்பதில்தான்
எங்களுக்குள் சண்டை.

நான் கத்தரிக்கோல் கட்சி. அவசரக்காரி.
ஒரே குத்து.
பத்தில் ஒன்று பொத்துக்கொண்டு
இரும்பு மூக்கை வெளியே நீட்டும்.

சுகிர்தாவுக்கு மை தீர்ந்த பேனை.
தீர்ந்தது என்று சொன்னதும் அவள்தான்.
போன வருடம் கனகராயன்குளத்துப் பெடியன் ஒருவன்
கழுத்தில் நீலப் புள்ளியோடு
வருடம் முழுக்கப் படித்தான்.

பவளராணியிடம் ஐஸ்பழக் குச்சி,
மகன் சூப்பி முடித்ததைக் கழுவி
சீமெந்து நிலத்தில் தேய்த்தது.

முதலாளியின் தமக்கை
டென்மார்க்கில் இருந்து அனுப்பிய பிளாஸ்ரிக் ஒன்றும் உண்டு.
ஒரு நுனி கூர், மறு நுனி வளைவு, ஓரத்தில் அளவுகோடு.
வந்த நாள் தொட்டு அது
கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டில்.

கார்த்திகையில் மெற்றில்டா வேலைக்கு வந்தாள்.
பதினொரு வருடம்
முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுத்தவள்.
மெசின் பழக்கமில்லை.
முனை புரட்டக் கொடுத்தோம்.

எங்கள் ஆயுதங்களை மேசையில் பரப்பி
ஒவ்வொரு நுனியையும்
கட்டைவிரலில் அழுத்திப் பார்த்தாள்.
என் கத்தரிக்கோலைப்
பிடி என் பக்கம் இருக்கத் திருப்பித் தந்தாள்.
பிறகு, சாப்பாட்டுக் கூடையில் கிடந்த
உடைந்த அகப்பையின் காம்பை எடுத்து
பென்சில் அளவுக்குச் சீவி,
சீவிய கூரை
மினக்கெட்டு மழுக்கினாள்.

நேரே குத்தமாட்டாள்.
காம்பைச் சாய்த்து
பக்கத்தால் நுழைப்பாள்.
ஓர் அரிசி அகலம் போவாள், நிற்பாள்,
பிறகும் ஓர் அரிசி.
"உப்பிடிப் போனா சித்திரைக்குத்தான் முடியும்"
என்றாள் சுகிர்தா.
"முட்டினா நிக்கோணும். தள்ளக்கூடாது."
துணியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு காலரை என்னிடம் கொண்டுவந்தாள்.
"உள்ளுக்கை நெரிசலாக் கிடக்கு, அக்கா."
பிழை என்னுடையது.
உச்சிவரை தைத்து ஊசியில் அப்படியே திருப்பியிருந்தேன்.
அன்று முதல் உச்சியில்
குறுக்கே ஒற்றைத் தையல் போட்டேன்.
கூர் வேண்டுமென்றால்
கூராகத் தைக்கக்கூடாது.
இருபது வருடமாய் மெசினில் இருக்கிறேன்.
வெட்கமாய்த்தான் இருந்தது.

கடைசி இரவு கரண்ட் போயிற்று.
மெழுகுதிரி தேடி நாங்கள் தடுமாற
அவளுடைய பக்கம் மட்டும்
துணி உரசும் சத்தம்
நிற்பதும் தொடர்வதுமாய்.
கண் திறந்திருந்தாளா மூடியிருந்தாளா, தெரியாது.

வெளிச்சம் வந்தபோது பார்த்தோம்:
முடியாத காலர்களைச் சுற்றி
மேசையில் நாலு மூலைக்கு நாலு
சிவப்பு நூல்கண்டு.
"ஏனடி உது?"
"பழக்கம்."
விளையாட்டுச் சட்டை ஒன்றுக்குப்
பவளராணிக்குச் சிவப்பு நூல் தேவைப்பட்டது.
எட்டிய கையை
தலை சொறியக் கொண்டுபோனாள்.

பத்துக் காலர் முடிய
கண்டுகளை ஒரு சாண் உள்ளே நகர்த்துவாள்.
இன்னும் பத்து. இன்னும் ஒரு சாண்.
பளைப் பக்கம் போகிற முதல் பஸ் கோர்ன் அடித்தபோது
நாலு கண்டும் ஒன்றோடொன்று முட்டி நின்றன.
நடுவில் ஒன்றுமில்லை.

மெற்றில்டா எழும்பி
முழங்காலில் இல்லாத மண்ணைத் தட்டிவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனாள்.
சிவப்புக் கண்டை
பவளராணி அப்போதுதான் எடுத்தாள்.