ஒன்றரைச் சென்ரிமீற்றர்

குழாய்க்கிணறு அடிக்கிறவன் நான்.
முறிகண்டிப் பக்கம் நூற்றிருபது அடி இறக்கியும்
கல்மாவைத் தவிர வேறொன்றும் காணாத நாள் உண்டு.
அதனால்தான் கேட்டேன்:
"உள்ளுக்கை எங்க எண்டு எப்பிடித் தெரியும், டொக்ரர்?"

அவ திரையை என் பக்கம் திருப்பினா.
சாம்பல் மழைக்குள்
அவரைக்கொட்டை மாதிரி ஒன்று.
யதுசிகா மூச்செடுக்க நகர்ந்தது,
விடத் திரும்பி வந்தது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, காலை எட்டரை.
குப்புறக் கிடக்கிறாள்,
வயிற்றுக்குக் கீழே சுருட்டிய துவாய்.
படிவத்தில்
"இரத்தம் கசியலாம்" என்ற வரியில்
என் பேனை நின்றுவிட்டது.
"கனபேருக்கு ஒண்டும் ஆகாது.
ஆகிற ஒரு பிள்ளைக்காகத்தான்
இரவு முழுக்கப் பாத்துக்கொண்டிருப்பம்."
மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது.

விறைப்பூசிக்கு மட்டும் அழுதாள்.
"மூச்சைப் பிடி, பிள்ளை."
டக்.
ஸ்ரேப்ளர் சத்தம், அவ்வளவுதான்.
"முடிஞ்சுதா?"
"இன்னொருக்கா."
டக்.

சின்னப் போத்தலில் மிதந்தது
முறிந்த இடியப்ப இழை.
விடிய விடிய முகம் வீங்குவதற்கும்
நாலு மாத மாத்திரைக்கு மசியாததற்கும்
அதற்குள் பதில் இருக்காம்;
கொழும்புக்குப் போய் வரவேணுமாம்.

மல்லாந்தபடி ஆறு மணித்தியாலம்.
கட்டிலடியில் மூத்திரப் போத்தல்கள்.
முதலாவது சிவப்பு.
தாதியிடம் ஓடினேன், ஒற்றைச் செருப்போடு.
"இது வழமை, அண்ணை. அடுத்ததைப் பாப்பம்."
இரண்டாவது, சாயம் குறைந்த பிளேன்ரீ.
மூன்றாவதை
யன்னலடிக்குக் கொண்டுபோய்
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
எத்தனையோ கிணற்றில்
முதல் தண்ணீர் கண்டவன்,
இந்த மஞ்சளுக்குத்தான் கை நடுங்கியது.

"அப்பா, எழும்பலாமோ?"
"இல்லை."
"இப்ப?"