நான்கு மணி பத்து நிமிடம்

உச்சந்தலையில் பசை வைக்கிறாள் நொகுதூலா.
வார்னிஷுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே ஒரு வாசனை.
இருபத்திரண்டு ஒயர்.
எண்ணிவிட்டேன், எண்ணுவது என் வியாதி.

சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டு மின்வேலி
நிமிடத்துக்கு நாற்பத்தொன்பது முறை டிக் என்கும்.
அவகாடோக் கிளை உரசினால் கூடுதலாக ஒரு சொடக்கு.
இரண்டேகாலுக்கு செக்யூரிட்டி வண்டி.
மூன்றரைக்கு, பேக்கரிக்குப் போகும் பையனின் தும்மல்.
சகாதேவன் படுத்த மறுநொடி கட்டை.
பதினோரு வருடமாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஒருநாள்கூட அதை வெறுத்ததில்லை என்று
பொய் சொல்ல மாட்டேன்.

ஜாதிக்காய்ப் பால், பாதி மாத்திரை, முழு மாத்திரை,
அக்கா போனில் அனுப்பிய மழைச் சத்தம்
(மழை வந்தால் ஜன்னலைச் சாத்த எழுந்திருக்க வேண்டும், அதுவேறு).
கடைசியில் இந்தக் கட்டில்,
டர்பன் ஆஸ்பத்திரி, நாலாம் மாடி.

"வீட்டில் தூங்குவதுபோலவே தூங்குங்கள்" என்றாள்.
சிரித்தேன்.
மார்பில் கட்டிய பெல்ட்
அதையும் எழுதிக்கொண்டது.

பத்து மணிக்கு மின்வெட்டு.
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஏழு நொடி
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
இமை கொஞ்சம் கனத்தது.
பிறகு ஏ.சி., கேமராவின் சிவப்புப் புள்ளி.
வந்த வழியே போய்விட்டது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
தள்ளுவண்டி ஒன்றின் மூன்று சக்கரம் உருள,
நாலாவது அழுதது.
இரண்டு இருபது இருக்கும். கடிகாரம் எனக்கு வேண்டாம்.
ஸ்பீக்கரை அணைக்க மறந்திருப்பாள்.
அதன் பொத்தல்கள் வழியே ஒரு குறட்டை,
மெலிசாக, சோற்றுப்பானை மூடி ஆடுவதுபோல.
பாவம். இரண்டு பஸ் மாறி க்வாமஷுவிலிருந்து வருகிறவள்.
பெயருக்கு அமைதியின் தாய் என்று பொருள்,
பசை வைக்கும்போது சொன்னாள்.
எனக்கு இருமல் வந்தது.
போர்வையைக் கடித்து அடக்கினேன்.
யாராவது ஒருவர் தூங்கட்டும்.

ஹாடிடாக்கள் கத்தி விடிந்தது.
"கண் மூடவே இல்லை" என்றேன்.
ஒயரைப் பிய்த்துக்கொண்டே
என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் பெஸ்டர்
மேசைமேல் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.
நான்கு மணி பத்து நிமிடம்
நான் தூங்கியிருக்கிறேன்.
"உங்களுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?

எனக்கு மாநகராட்சித் தண்ணீர் வரி கவுன்டரில் வேலை.
பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
போன மாதம் ஷால்க்ராஸ் படையாச்சி
எட்டாக மடித்த பில்லைப் பிரித்துக் காட்டினார்.
"மரிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டில் இருந்தோம்மா,
குழாயைத் தொடவே இல்லை."
மீட்டர் பொய் சொல்லாது என்றேன்.
எல்லோருக்கும் சொல்வதுதான்.
அதே மடிப்பில் திரும்ப மடித்தார்,
அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"அந்தப் பெண் தூங்கிவிட்டாளே" என்று கேட்டேன் டாக்டரிடம்,
கோள் சொல்வதற்காக இல்லை,
என் பக்கம் இருந்த ஒரே சாட்சி அது.
"அவள் மணிக்கு நான்குமுறை குறிப்பு எழுதியிருக்கிறாள்.
இரண்டு இருபதுக்கு மைக்கில் குறட்டை இருக்கிறது.
மைக் உங்கள் அறையில் மட்டும்தான்."

அப்படியானால் போர்வையைக் கடித்தது யார்?
யாருடைய தூக்கம் கலையக் கூடாதென்று?

வீட்டுக்கு வந்து காகிதத்தை டிராயரில் போட்டேன்.
சகாதேவன் கேட்டார்; ஒன்றுமில்லை என்றேன்.
காதுக்குப் பின்னால் ஒரு துளிப் பசை இன்னும் இருக்கிறது,
தேங்காயெண்ணெய்க்கும் வரவில்லை.
படையாச்சியின் கணக்கு எண்ணை
உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன்,
திங்கட்கிழமை மீட்டர் ஆளை அனுப்ப வேண்டும்.

விளக்கை அணைத்தேன்.
டிக்.
டிக்.
இருமல் வந்தது.
அடக்கவில்லை.