தண்ணீர் இருக்கும் இடம் மட்டும்

காம்பர்டவுன் ஷயர் அலுவலகத்தின் நிலவறை.
ஹீட்டர் இருமுகிறது. ஸ்கேனர் கண்ணாடிமேல்
ஏனியஸ் கில்கிறிஸ்டின் கணக்குப் புத்தகம்.

1839. ஆடு நானூறு, மாவு ஆறு மூட்டை,
மேய்ப்பர் மூவர், அதில் ஒருவன் நொண்டி.
"காலி நிலம்" என்று எழுதுகிறார்.
அடுத்த வரியிலேயே
இரவுக் காவலுக்குத் துப்பாக்கி இரண்டு.
காலி நிலத்தில் யாருக்கய்யா காவல்?

உழவில்லை. வாங்கவுமில்லை.
ஆடு போய் நின்ற தூரம் எல்லை.

இருபது வருஷம் கழித்து
சிறு குடியானவனுக்கும் நிலம் என்று சட்டம் வருகிறது.
இவர் வரைபடத்தை விரித்து
ஓடையை மட்டும் விரலால் தொடுகிறார்.
கரை நெடுக விண்ணப்பங்கள்:
சமையல்காரன் பெயரில் ஒன்று,
கம்பளி கத்தரிக்க வந்தவர்கள் பெயரில் மூன்று,
முந்தின குளிர்காலம் புதைத்த
நொண்டி மேய்ப்பன் பெயரில் ஒன்று.

செங்கல்பட்டு பத்திரப் பதிவு அலுவலகத்தில்
பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான்.
ஐந்து கையெழுத்துக்கும் ஒரே வால்,
இடப்பக்கம் மடங்கி, சாட்டை போல.
பினாமி என்று வாய்வரை வந்தது.
பக்கத்து மேசை ட்ரேசிக்குப் புரியாதே என்று
"டம்மி" என்றேன். சிரித்தாள்.
அந்தக் காலத்திலும் இங்கே அதுதான் பேராம்.

தண்ணீர் அவருடையது.
ஆகவே தண்ணீர் இல்லாத மீதியும்.
வந்த குடியானவர்கள் இரண்டு கோடையில் போனார்கள்,
கலப்பையை விட்டுவிட்டு.
அதையும் வரவில் வைத்தார்.

பிறகு சட்டமன்றம். பிறகு நில அமைச்சர்.
ஏழை உழவனின் வியர்வையைப் பற்றி
நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார்.
பிரதியின் ஓரத்தில் அவர் கையாலேயே:
"இங்கே நிறுத்தித் தண்ணீர் குடி."

கடைசிப் பக்கங்களில் எழுத்து நடுங்குகிறது.
மகன் பதில் போடவில்லை. முழங்கால் வலி.
கண் தெரியாத கிழட்டு நாய் ஒன்றுக்கு
ரொட்டியைப் பாலில் ஊறவைத்ததை
மூன்று நாள் தொடர்ந்து எழுதுகிறார்.
அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மடித்த வரைபடம் ஒன்று உதிர்கிறது.
முன்பக்கம், மையில், கில்கிறிஸ்ட் ஓடை.
முதுகில்
சர்வேயர் யாரிடமோ கேட்டுப்
பென்சிலில் குறித்த பெயர்கள்,
யாரோ தேய்த்து அழித்தவை.
விளக்கைச் சாய்த்தால் பள்ளம் தெரிகிறது,
எழுத்து தெரியவில்லை.

ஸ்கேனர் கேட்கிறது:
வெற்றுப் பக்கம். நீக்கவா?

வேண்டாம் என்று அழுத்துகிறேன்.

மறுபடியும் கேட்கிறது.