ஜாஸ்தி

தன்பாத் ரயிலில் வந்து இறங்கிய மூன்றாம் நாள்
நாகலூர் தோட்டத்துச் சாப்பாட்டு வரிசையில்
"பஸ், பஸ்" என்றாள் சுக்மனி.
"அஞ்சேகாலுக்குத்தான்" என்றாள் குப்பாயி அக்கா,
கரண்டி இல்லாத கையால்
கீழே மெயின் ரோட்டைக் காட்டி.
குழம்பு பாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது.

பிறகு நான் கொஞ்சம் படித்துக்கொண்டேன்.
எடை போடுகிறவனுக்கு நாலு வார்த்தையாவது வேண்டும்.
மிளகாய் ஜ்யாதா.
குளிர் ஜ்யாதா.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து
வாந்தி, பஹுத் ஜ்யாதா.
பையனுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி
லைன் வீட்டு வாசலில் நின்று
"குச் ஜ்யாதா ஹீ" என்றாள்.
அந்த ஹீ-யில் இருந்தது தெர்மாமீட்டர்.
நம் ஏகாரம் மாதிரி அது. இத்தனூண்டு.
கடைசியில் போட்டால் கனம் வந்துவிடும்.

நிறைய என்பதற்கும் அளவு மீறியது என்பதற்கும்
அவளிடம் ஒரே சொல்.
எது என்று முகத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.
மார்கழி மூடுபனியில்
முகம் எங்கே தெரிகிறது.

சில்வர் ஓக் அடியில் சாக்கு வரிசை.
கொக்கித் தராசில் நாற்பத்து மூன்று.
நோட்டில் நாற்பத்தொன்று.
பனி ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிவு.
நான் வைத்த வழக்கமில்லை,
எனக்கு முந்தைய கணக்கர் காலத்திலேயே இருந்தது.
வெயில் அடிக்கிற நாளிலும் இருந்தது.

முள்ளைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.
"யே தோ ஜ்யாத்தி ஹை."

ஜாஸ்தி!
நடுவில் ஒரு ஸ் உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.
எனக்கு ஒரே சந்தோஷம்.
"ஆமாம்மா, ஜாஸ்திதான்.
நேத்து முப்பத்தாறுதானே" என்றேன்.
கட்டைவிரலைத் தூக்கிக்கூடக் காட்டினேன்.
அவள் சாக்கை உதறினாள்,
மடிக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.
பின்னால் வந்த நாலு பெண்களும்
அதையே சொன்னார்கள்.
நாலு பேருக்கும் என் கட்டைவிரல்.

பழம் ஏற்ற வந்த இலியாஸ் சேலம் கோட்டைக்காரன்.
வீட்டில் உருது.
பிக்கப்பில் கயிற்றை இழுத்துக் கட்டியபடி கேட்டான்.
"ஜாஸ்தி இல்லப்பா, ஜ்யாத்தி.
ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கதான்.
உங்க வீட்டுக்கு வந்தது ஜாஸ்தியா வளந்துருச்சு.
அங்கயே தங்குனது..."
பீடி பற்ற மூன்று குச்சி ஆனது.
"அநியாயம்."

அன்று ராத்திரி கம்பளிக்குள்
என் ஜாஸ்திகளை எண்ணிப் பார்த்தேன்.
டீயில் சர்க்கரை ஜாஸ்தி.
அஸ்தம்பட்டியில் வாடகை ஜாஸ்தி.
உனக்கு வாய் ஜாஸ்திடா, இது அம்மா.
இத்தனை வருஷம் நாக்கில் வைத்திருந்தும்
அதற்கு இப்படி ஒரு அக்கா உண்டென்று
யார் சொன்னார்கள்.

மறுநாளும் பனி.
சுக்மனி சாக்கை மாட்டினாள். ஒன்றும் பேசவில்லை.
முப்பத்தொன்பதரை.
முப்பத்தொன்பதரை என்றே எழுதினேன்.
கழிவுக் கட்டத்தில் பேனாவை வைத்து எடுத்தேன்,
ஒரு நீலப் புள்ளி விழுந்தது.
மேனேஜர் நோட்டைப் பார்க்கும் சனிக்கிழமைக்கு
இன்னும் நாலு நாள்.

அவள் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.
பிறகு விரலால், கேட்காமலே,
பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள்.
நாற்பத்தேழு நாள். நாளுக்கு ரெண்டு.
"பஸ்?" என்றாள்.
போதும் என்ற அதே சொல்தான்,
வாலில் மட்டும் ஒரு கேள்வி.

கீழே அஞ்சேகால் வண்டி ஹாரன் அடித்தது.
நான் அந்தப் பக்கம் கை காட்டவில்லை.