நாற்பத்தைந்து வீதம்

கொழும்பிலிருந்து வந்த தாளில்
மட்டக்களப்புக்கு ஒரே ஒரு வரி:
கார்த்திகை முதல் தை வரை மழை
வழமையிலும் சற்று அதிகமாகலாம்,
சாத்தியம் நாற்பத்தைந்து வீதம்.
அதைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுவது
என் வேலை.

‘சற்று’ என்ற இடத்தில் பேனை நிற்கிறது.
இங்கே சற்று என்பது
கிரான் பாதையில் உழவு இயந்திரத்தின் பெரிய சில்லு.
வவுணதீவில் மூன்றாவது வாசற்படி.
சிலருக்கு,
பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் போட
எந்த மூலை கிடைக்கும் என்பது.

ஐப்பசி பிறந்தும் வெயில் இறங்கவில்லை.
கச்சான் இன்னும் மேற்கிலிருந்துதான் அடிக்கிறது,
வாயெல்லாம் வட்டைப் புழுதி.

ஒன்பது மணிக்குக் கரடியனாற்றிலிருந்து சிந்தாத்துரை:
‘புள்ள, புழுதி விதைப்பு முடிஞ்சிது.
உங்கட நாற்பத்தைஞ்சுக்குள்ள
என்ட நாலேக்கரும் இரிக்கா, வெளியில இரிக்கா?’

பத்தரைக்கு உதுமாலெவ்வை:
‘காத்து எப்ப வடக்கால கிறுகும்?
தோணிய மேல ஏத்தவா, இன்னும் ரெண்டு கிழமை பாக்கவா?’
மத்தியானம் புண்ணியமலர்.
தையில் மகளுக்குக் கலியாணம்.
பந்தலுக்குத் துணியா தகரமா?
மிச்ச ஐம்பத்தைந்தில்
வழமையும் உண்டு, குறைவும் உண்டு என்று
பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.
‘சரி, மாப்பிள்ளை பகுதிக்குத் தகரம்,
எங்கட ஆக்களுக்குத் துணி’ என்று
சிரித்துவிட்டு வைத்தாள்.

மாரி தொடங்கினால்
பின்னேரங்களில் பியசீலி எடுப்பாள், பிபிலையிலிருந்து.
மலைச்சரிவில் அவளிடமும் ஒரு மழைமானி இருக்கிறது.
என் சிங்களமும் அவள் தமிழும்
எண்களில் மட்டும் தடுக்குவதில்லை.
அவள் சொல்லும் இலக்கம்
காட்டாறுகளில் இறங்கி, முந்தனையாற்றில் நடந்து
படுவான்கரை வயல்களைக் கேட்காமல் கடந்து
இரண்டாம் நாள் வாவிக்கு வந்துசேரும்.

போன மார்கழியில் ஒரு நாள்
நூற்றி எழுபது என்றாள்.
நான் வெளியே வந்து பார்த்தேன்:
கழுவித் துடைத்த வானம்.
மேற்கே, எப்போதாவது தெரியும் குடும்பிமலை
அன்று தெரியவில்லை, அவ்வளவுதான்.
மறுநாள் காலை எட்டரைக்கு என் மழைமானியில்
ஒரு சிலந்தி.
பூச்சியம் தசம் பூச்சியம் என்று எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.
அது சரியான அளவு. இன்றைக்கும் சொல்வேன்.
அன்றிரவு வாவி
சத்தமே போடாமல் என் பின்வளவுக்கு வந்தது.
கோழிக்கூடு, பூட்டிய கதவோடு,
ஏழு கோழிகளோடு
கல்லடிப் பக்கமாகப் போனது.
மழை ஒரு துளி இல்லை.
நிலவு இருந்தது.

முகத்துவாரத்தை வெட்டு என்றார்கள் விதைத்தவர்கள்.
வெட்டாதே, இறால் போய்விடும் என்றார்கள் வலை வைத்திருந்தவர்கள்.
கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் என் பூச்சியத்தைக் கொண்டுபோயிருந்தேன்.

இன்று, வந்த வரியை
வந்தபடியே எழுதி ஒட்டினேன்.
‘மலையில் பெய்வது இதில் சேராது’ என்று
கீழே ஒன்று சேர்க்க நினைத்தேன்.
அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும்,
கடிதம் போய்வர மாரி முடிந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் வழியில் அரசடியில்
சைக்கிளை நிறுத்தினேன், கயிறு வாங்க.
கடைக்காரன் என் கழுத்திலிருந்த அட்டையை வாசித்தான்.
‘மழை எப்பிடி அக்கா இந்த முறை?’
‘நாற்பத்தைந்து வீதம்.’
‘அப்ப பத்து மீற்றர் காணும்தானே.’
நைலோன் சுருளில் கத்தி வைத்தான்.

வாவிப் பக்கமிருந்து ஒரு காற்று,
எந்தத் திசை என்று பிடிபடவில்லை.

‘முப்பது’ என்றேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
பின் தனக்கும் கொஞ்சம் வெட்டி
மேசைக்குக் கீழே வைத்தான்.